அசையிறதெல்லாம் ஆனை இல்லை: கமராவுக்கு அசைவை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?

03.11.2024, இரவு 9.20

ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "ஆனைக் காவலுக்கு வயலிலை மோஷன் டிடெக்சன் கமரா ஒண்டு பூட்டினாக் காணும். முந்தின பிரேமும் இந்தப் பிரேமும் (வீடியோவிலை அடுத்தடுத்து வாற படங்கள்) வித்தியாசமெண்டால் அசைவு, அசைவெண்டால் அலாம். இதுக்கு ஏன் ஏஐ, மொடல், டேட்டா எண்டு இவ்வளவு கதை?"

நானும் போன வருசம் இப்பிடித்தான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். எங்கடை வயல் இலங்கையிலை முல்லைத்தீவுப் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்கை, பின்பக்கம் முழுக்கக் காடு. காலபோக நெல்லு வெட்டுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்கை கொட்டில் கப்பிலை ஒரு கமரா பூட்டினன். முதல் இரவு போனுக்கு இருநூறுக்கு மேலை அலாம், ஆனை ஒண்டும் வரேல்லை. வந்தது என்னெண்டால் பனை ஓலை, மழைத்தூறல், நிலா முகிலுக்குள்ளை போய் வந்தது, ரோட்டாலை போன மோட்டார்சைக்கிளின்ரை வெளிச்சம் வயலை ஒருக்காத் தடவிப்போட்டுப் போனது, அதோடை ஒரு சிலந்தி. கமராவுக்கு முன்னாலை பூச்சி பறக்கும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னாலையே வலை கட்டும், காத்துக்கு வலை ஆடும், கமராவுக்கு அது ஆனையை விடப் பெரிசு.

மூண்டாம் நாள் அலாமை நிப்பாட்டிப்போட்டுப் படுத்தன். நாலாம் நாள் ஆனை வந்தது.

04.11.2024

நேற்று எழுதினதை வாசிச்சுப்போட்டு "கமரா மலிவு, அதுதான்" எண்டு சொல்லியிருக்கு. இல்லை. விலை கூடின கமராவும் இதே பிழைதான் விடும், இன்னும் தெளிவாப் பிழை விடும்.

படம் மாறுறது வேறை, பொருள் அசையிறது வேறை. சட்டி வனையிற ஆக்களின்ரை சக்கரத்திலை ஈரப் பானை சுத்துறதைப் பாத்திருக்கிறியளோ? வழுவழுப்பா ஒரே நிறமா இருந்தால், தூரத்திலை நிண்டு பாக்கேக்கை பானை சும்மா நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அது சுத்துது, ஆனால் படத்திலை ஒண்டும் மாறேல்லை. இனி நிண்ட பானைக்கு முன்னாலை விளக்கை அங்கை இஞ்சை அசைச்சுப் பாருங்கோ, பானை அசையேல்லை, படம் முழுக்க மாறுது. பிரேமைக் கழிச்சுப் பாக்கிற கமராவுக்கு முதலாவது ஒண்டுமேயில்லை, ரெண்டாவது பெரிய சம்பவம்.

அதாலை "மாறினதோ" எண்டு கேக்காமல் "இந்தப் புள்ளி எங்கை போச்சுது" எண்டு கேக்க வேணும். 1981 இலையே ரெண்டு வழி வந்திட்டுது: ஹோர்ன், ஷுங்க் எண்ட ரெண்டு பேரின்ரை ஒண்டு, லூக்கஸ், கனாடே எண்ட ரெண்டு பேரின்ரை ஒண்டு. ரெண்டும் ஒரே நம்பிக்கையிலை தொடங்குது. ஒரு புள்ளி நகர்ந்தாலும் அதின்ரை வெளிச்சம் மாறாது, அப்ப அதே வெளிச்சத்தை அடுத்த பிரேமிலை பக்கத்திலை தேடினால் ஆளைப் பிடிக்கலாம். இதுக்குத்தான் ஒப்டிகல் ஃப்ளோ எண்டு பேர். படத்திலை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன அம்புக்குறி.

ஒரு சிக்கல் இருக்கு. கிடுகு வேலி ஓட்டையாலை கண்ணை வைச்சுப் பாருங்கோ, வெளியிலை ஒருத்தர் நீட்டுத் தடி ஒண்டைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு போறார். தடியின்ரை நுனி தெரியேல்லை, நடுத்துண்டு மட்டும்தான் தெரியுது. தடி பக்கவாட்டிலை போகுதோ, மேலை எழும்புதோ எண்டு ஓட்டைக்குள்ளாலை சொல்லவே ஏலாது, ரெண்டுக்கும் ஒரே காட்சிதான். சின்னக் கட்டத்துக்குள்ளாலை பாக்கிற எந்த மெசினுக்கும் இந்தக் குருட்டுத்தனம் இருக்கு. ஹோர்ன் ஆக்கள் "பக்கத்துப் புள்ளியளும் ஏறத்தாழ இதே பக்கம்தான் போகும்" எண்டு படம் முழுக்கச் சேத்துக் கணக்குப் பாத்தினம், லூக்கஸ் ஆக்கள் ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பிச்சு, அதுக்குள்ளை இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே அம்பு எண்டு வைச்சினம்.

இரவிலை இந்த நம்பிக்கையே ஆட்டம் காணுது, வெளிச்சம் மாறாது எண்டது பகல் கதை. இருட்டிலை எங்கடை கமரா படத்திலை பொரி போட்ட மாதிரிப் புள்ளி துள்ளும், ஒவ்வொரு பொரிக்கும் ஒரு அம்பு வரும்.

04.11.2024, கொஞ்சம் பிந்தி

"அப்ப ஆனை வந்த நாள் என்ன நடந்தது" எண்டு கேட்டிருக்கு. என்ன நடக்கும், ஒரு மூலை போச்சுது. வெடி கொளுத்தினது விடிய 4 மணிக்கு, அது போனது 3 மணிக்கு.

10.11.2024

என்ரை முதல் கொள்கையை இஞ்சை எழுதி வைக்கிறன், பிறகு நானே வெட்டுவன்.

சித்தப்பா முப்பது வருசமா இரவுக் காவல். அவரிட்டைக் கேட்டன், இருட்டிலை ஆனையையும் ஓலையையும் எப்பிடிப் பிரிக்கிறியள் எண்டு. "ஓலை எவ்வளவு ஆடினாலும் நிண்ட இடத்திலைதானேடா. ஆனை ஆடவே மாட்டுது, ஆனா வந்துகொண்டிருக்கும்." இவ்வளவுதான் சொன்னார். நான் இதை ரெண்டு எண்ணா எழுதினன். ஒரு புள்ளி மொத்தமா எவ்வளவு தூரம் அலைஞ்சது, கடைசியிலை தொடங்கின இடத்திலையிருந்து எவ்வளவு விலகி நிக்குது. ஓலைக்கு முதலாவது பெரிசு, ரெண்டாவது பூச்சியம் மாதிரி. ஆனைக்கு ரெண்டும் ஏறத்தாழ ஒண்டு.

அம்புக்குறியளைக் கோத்துப் பாதையா எடுக்கிறது புதுசில்லை. 2011 இலை டென்ஸ் ட்ரஜெக்டரி எண்டு ஒரு முறை வந்தது, படம் முழுக்க நெருக்கமாப் புள்ளி போட்டு ஒவ்வொண்டையும் 15 பிரேம் துரத்தி, அந்தப் பாதையின்ரை வடிவத்தையும் பாதைக்கு அக்கம்பக்கத்து அம்புகளின்ரை கணக்கெடுப்பையும் சேத்து ஒரு நீள எண் வரிசையா ஆக்கிறது. கணக்கெடுப்பு எண்டால் எந்தத் திசைக்கு எத்தினை அம்பு, சந்தையிலை எந்தப் பக்கம் எத்தினை பேர் போறாங்கள் எண்டு எண்ணுற மாதிரி. டீப் லேர்னிங் (மெசின் கிளிப்புகளைப் பாத்துத் தானாப் படிக்கிற முறை) வந்து எல்லாத்தையும் தள்ளிவிழுத்த முன்னம் கொஞ்ச வருசம் இதுதான் ராசா.

நான் அந்த 15 பிரேமை அப்பிடியே எடுத்தன். அதுதான் பிழை, வாறன்.

11.11.2024

15 பிரேம் எண்டால் செக்கனுக்கு 25 பிரேம் ஓடுற வீடியோவிலை 0.6 செக்கன். ஆனை ஒரு அடி எடுத்து வைச்சு முடிக்கிறதுக்கே அதை விடக் கூட நேரம் வேணும். 0.6 செக்கனுக்குள்ளை ஆனை எண்டது அசையாத ஒரு கறுப்பு, ஓலை எண்டது பயங்கர வேகம். சித்தப்பாவின்ரை ரெண்டு எண்ணும் சரி, ஆனால் அவர் அரை நிமிசம் பாத்துப்போட்டுச் சொல்லுறார், நான் அரைச் செக்கன் பாத்துப்போட்டுச் சொல்லச் சொல்லுறன்.

17.11.2024

நல்ல மழை, வயலுக்குப் போகேலாது, அதாலை நீளமா எழுதுறன்.

ஆடுற ஓலையை "இது பின்னணி, விடு" எண்டு மெசினுக்குப் பழக்கலாம். ஸ்டோஃபர், கிரிம்சன் எண்ட ரெண்டு பேர் 1999 இலை எழுதின முறை. ஒவ்வொரு பிக்சலும் தன்ரை பழைய நிறங்களைச் சில குவியலா ஞாபகம் வைச்சிருக்கும். ஓலை ஆடுற இடத்திலை இருக்கிற பிக்சல் ஒருக்காப் பச்சை, ஒருக்கா வானம், திரும்பப் பச்சை, திரும்ப வானம். ரெண்டு குவியலையும் வழமை எண்டு எடுத்துக்கொள்ளும். ரெண்டிலையும் சேராத நிறம் வந்தால்தான் யாரோ வந்திட்டினம். ஓப்பன் சீவி எண்ட இலவச மென்பொருள் நூலகத்திலை இதின்ரை பிந்தின வடிவம் ஒரு வரியிலை போடலாம், நான் போட்டன், அலாம் இருநூறிலையிருந்து இருபதுக்கு வந்திட்டுது. வீட்டிலை கொஞ்சம் மரியாதையும் வந்தது.

பிறகு ஆனை வந்தது. வந்து நிண்டது. ஆனை அப்பிடித்தான், காட்டு விளிம்பிலை நிண்டு கொஞ்ச நேரம் மணம் பிடிச்சுப்போட்டுத்தான் இறங்கும். அந்த நூலகத்திலை சும்மா விட்டால் ஞாபகம் 500 பிரேம், அதாவது 20 செக்கன். அதுக்கு முன்னமே நிண்ட ஆனையைப் பின்னணியிலை சேத்துப்போட்டுது. வெள்ளை முன்னணி, கறுப்புப் பின்னணி எண்டு காட்டுற படத்திலை ஆனை கண்ணுக்கு முன்னாலை கரைஞ்சு கரைஞ்சு மரமாப் போச்சுது. ஞாபகத்தைக் கூட்டினால் காலமை வெளிச்சம் மாறேக்கை முழு வயலும் ஆனையாகுது, குறைச்சால் ஆனை மரமாகுது.

ஒரு சமாதானம் இருக்கு. நிண்டாலும் ஆனையின்ரை காது ஆடும், தும்பிக்கை ஆடும், வாலும் சும்மா இருக்காது. ஓலையும் அந்த இடத்திலையேதான் ஆடுது, காதும் அந்த இடத்திலையேதான் ஆடுது. அப்ப 10 ஆம் திகதி நான் எழுதின "விலகி நிக்கிறதுதான் முக்கியம், ஆடுறது முக்கியமில்லை" எண்டதை வெட்டுறன். ஆட்டத்தின்ரை தாளத்தைப் பாக்க வேணும். காத்து ஓலைக்கு ஒரு ஒழுங்கில்லை, காத்துச் சொன்னபடி ஆடும். காது தன்பாட்டிலை ஆடும், பக்கத்து மரம் ஓய்ஞ்சாலும் ஆடும்.

சித்தப்பாவிட்டைப் போய்ப் பெருமையாச் சொன்னன். "ஓமோம், காத்து நிண்ட பிறகும் ஆடுறதைத்தானே பாக்கிறது" எண்டார். முதலே சொல்லியிருக்கலாம்.

18.11.2024

குதிரை பாயேக்கை நாலு காலும் நிலத்தை விட்டு எழும்பும் எண்டது உண்மையோ எண்டு ஒருத்தர் கேட்டவர். ஓம், 1878 இலை மைபிரிட்ஜ் எண்டவர் கலிபோர்னியாவிலை கமராக்களை வரிசையா வைச்சுப் பிடிச்சுத்தான், பாயிற குதிரையின்ரை நாலு காலும் ஒரு கட்டத்திலை நிலத்தை விட்டு எழும்புது எண்டு காட்டினவர். வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது. ஆனைக்கு அந்தக் கட்டமே இல்லை. 2003 இலை தாய்லாந்திலை ஆனையளை ஓடவிட்டு அளந்து எழுதியிருக்கினம், மணிக்கு 25 கிலோமீற்றர் அளவிலை வந்தாலும் நாலு காலும் ஒரேயடியா அந்தரத்திலை நிக்காது. கலைச்ச அனுபவம் உள்ளவைக்கு (கலைபட்ட எண்டு வாசிக்கவும்) இது ஒரு ஆறுதலும் இல்லை.

29.11.2024

குரங்கு. இவ்வளவு நேரமும் குரங்கை மறந்துபோனன். குரங்கு என்ரை எல்லாக் கணக்கையும் உடைச்சுப்போட்டுது, அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

14.12.2024

இனி வகை பிரிக்கிற பக்கம். அசைவு எண்டு தெரிஞ்சாக் காணாது, என்ன அசைவு எண்டு சொல்ல வேணும். அதுக்கு ஆக்கள் பேர் போட்ட கிளிப் வேணும். வெளியிலை கிடைக்கிற முதல் தொகுப்புகள் எப்பிடி எண்டால், 2004 இலை சுவீடனிலையிருந்து வந்த கே.டி.எச். எண்ட தொகுப்பிலை 25 பேர், 6 செயல்: நடக்கிறது, மெல்ல ஓடுறது, ஓடுறது, குத்துச்சண்டை, கை அசைக்கிறது, கை தட்டுறது. 160க்கு 120 பிக்சல், கறுப்பு வெள்ளை. ஆராய்ச்சிக்காரர் எல்லாருக்கும் இடிச்ச இடம் மெல்ல ஓடுறதும் ஓடுறதும் மாறிப்போறது. சிரிப்பு வந்தது எனக்கு. எங்கடை பக்கம் மெல்ல ஓடுறது எண்டு ஒரு வகையே இல்லை. ஓடினால் மாடு வயலுக்கை இறங்கிட்டுது, அல்லது பஸ் வெளிக்கிட்டுட்டுது.

சரி எண்டு எங்கடை கிளிப்புகளை நானே வெட்டி, தங்கச்சியின்ரை ரியூசனுக்கு வாற பெடியளிட்டைக் குடுத்தன், பாத்துப்போட்டு ஒரு சொல்லு எழுதுங்கோ எண்டு. நான் எதிர்பாத்தது "நட", "ஓடு", "நில்". வந்தது வேறை. அம்மம்மா முத்தத்தாலை போற கிளிப்புக்கு மூண்டு பேர் "குடுகுடு". கோழிக்கும் ஒருத்தன் "குடுகுடு". ஓலைக்குப் "படபட". பாம்புக்குச் "சரசர", வீடியோவிலை சத்தமே இல்லை, அதுக்கும் சரசர. காட்டுப்பண்டிக்கு "விறுவிறு". குடிச்சுப்போட்டு வரம்பாலை வந்த ஒருத்தருக்கு (பேர் சொல்லேல்லை, அவரும் வாசிக்கிறவர்) "தத்தக்க பித்தக்க".

முதல்லை எரிச்சல் வந்தது, என்னடா இதை எப்பிடி வகையா வைக்கிறது எண்டு. பிறகு யோசிச்சால், இந்தச் சொல்லுகள் என்ரை அம்புக்குறியை விடச் சரியான விவரிப்பு. குடுகுடு எண்டால் அடி சின்னன், அடிக்கடி, முன்னுக்குப் போகுது. படபட எண்டால் வீச்சுச் சின்னன், நல்ல வேகம், இடம் மாறாது. ஆடி ஆடி எண்டால் வீச்சுப் பெரிசு, மெதுவு, திரும்பத் திரும்ப. யார் அசைஞ்சது எண்டதை விட்டுப்போட்டு எப்பிடி அசைஞ்சது எண்டதை மட்டும் எடுக்கினம், அதாலைதான் அம்மம்மாவுக்கும் கோழிக்கும் ஒரே சொல்லு. அதோடை இரட்டைக்கிளவி எண்டாலே ரெண்டு தரம் சொல்லுறது, ஒரு தரம் நடந்ததுக்கு அது வராது. கண் ரெண்டு மூண்டு சுற்றுப் பாத்தாத்தான் வாய் "குடுகுடு" எண்டு சொல்லும். 15 பிரேமிலை ஒரு "குடு" கூடக் கிடைக்காது.

எம்பெக் 7 எண்டு வீடியோவைத் தேடுறதுக்கு ஒரு சர்வதேசத் தரம் 2002 அளவிலை வந்தது, அதிலை அசைவின்ரை மும்முரத்துக்கு 1 இலையிருந்து 5 வரை ஒரு எண் குடுக்கச் சொல்லியிருக்கு, அம்பு நீளங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கெண்டு பாத்து. செய்தி வாசிக்கிறது 1, பந்தடி 5 எண்ட மாதிரி. அதின்ரை படி பாத்தால் ஓலையும் காட்டுப்பண்டியும் ஒரே எண்ணிலை வந்து விழும். பெடியள் ஒருத்தனும் அதைக் குழப்பேல்லை.

15.12.2024

நேற்று எழுதினதுக்கு ஒரு திருத்தம், நானே போட்டுக்கொள்ளுறன். "ஒரு தரம் நடந்ததுக்கு இரட்டைக்கிளவி வராது" எண்டது முழுக்கச் சரியில்லை. "மடமட எண்டு முறிஞ்சுது" எண்டுறம், மரம் ஒருக்காத்தான் முறியுது. ஆனால் அங்கையும் முறிவு நீளுது, சத்தம் அடுத்தடுத்து வருது. ஒரே வெட்டா நடந்தால் "படக்கெண்டு", "டக்கெண்டு". சரி, தமிழ் வாத்திமார் ஆரும் இருந்தால் சண்டைக்கு வரவும்.

27.12.2024

இது எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு கிழமை யோசிச்சன்.

சித்தப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழை இல்லை. மிதிவெடி. ஜெய்ப்பூர் கால் போட்டுத்தான் நடக்கிறவர், வரம்பிலையும் அப்பிடியே நடப்பார், என்னை விட வேகம். ஆள் நடக்கிறதையும் மிருகம் நடக்கிறதையும் பிரிக்க, வெளித்தொகுப்புகளிலை பழக்கின ஒரு மொடலை எடுத்து எங்கடை கிளிப்புகளிலை ஓட்டினன். என்னை ஆள் எண்டுது, தம்பியை ஆள் எண்டுது. சித்தப்பாவுக்கு ஒருக்கா "விழுறார்", ஒருக்கா "தெரியாது", ஒருக்கா எனக்கு எழுத மனமில்லாத ஒரு பதில்.

மொடலிலை ஒண்டும் சூழ்ச்சி இல்லை. அதுக்கு நடை எண்டு காட்டினது ரெண்டு காலும் ஒரே அளவு நேரம் நிலத்திலை நிக்கிற நடை மட்டும்தான். அவருக்கு வலக்கால் கூட நேரம் நிக்கும், இடக்கால் கெதியா மாறும், மேலுடம்பு ஒருக்காச் சாயும். ஒரு சாய்வை மட்டும் வெட்டிப் பாத்தால் விழுகிற மாதிரித்தான். நாலு அடி சேத்துப் பாத்தால் அதைப்போல ஒழுங்கான தாளம் வேறை இல்லை, நெடுசு, குறுசு, நெடுசு, குறுசு. எங்கடை பக்கம் இப்பிடி நடக்கிற ஆக்கள் எத்தினை பேர், ஒவ்வொரு ஒழுங்கையிலையும் இருக்கினம். அவையளின்ரை நடையை ஆர் கிளிப் எடுத்தது?

இதைப் பற்றிக் கதைக்கேக்கை யோகான்சன் எண்டவரின்ரை சோதனை ஞாபகம் வருது. சுவீடன்காரர், 1973. ஆக்களின்ரை மூட்டுகளிலை மட்டும் ஒரு டசின் வரை வெளிச்சப் புள்ளியைப் பூட்டி இருட்டிலை நடக்க விட்டு வீடியோ எடுத்தவர். நிக்கேக்கை சும்மா புள்ளிக் கூட்டம். நடக்கத் தொடங்கின உடனை பாக்கிறவை "ஆள்" எண்டிட்டினம், கால் செக்கனும் தேவைப்படேல்லை.

அப்ப நான் இவ்வளவு நாளும் "கூட நேரம் பாக்க வேணும்" எண்டு கத்தினது பொய்யோ? அரைவாசி பொய்தான். ஆள் எண்டு சொல்ல மனுசக் கண்ணுக்குக் கால் செக்கன் கூட வேண்டாம், ஏனெண்டால் அந்தக் கண் பிறந்ததிலையிருந்து நடையைப் பாத்த கண். என்ரை மொடல் 25 பேரைப் பாத்த கண். பழகினவனுக்குக் கொஞ்சம் காட்டினாக் காணும், பழகாதவன் இருந்து பாக்க வேணும். இருட்டிலை குளக்கட்டாலை ரோச் லைற் ஒண்டு ஆடி ஆடி வரேக்கை "சித்தப்பா வாறார்" எண்டு சித்தி அடுப்படியிலையிருந்து சொல்லுவா. ஒரே ஒரு புள்ளி வெளிச்சம்தான் அது.

27.12.2024, பிந்தி

அவரிட்டைக் காட்டினன். "விழுறார்" எண்டதைப் பாத்துப்போட்டுச் சிரிச்சார். "உது இன்னும் பாக்கேல்லை நான் விழுந்ததை."

05.01.2025

ட்ரோனிலை கமரா வைச்சுப் பாத்தால் என்ன எண்டு கேட்டவைக்கு. சினேகிதன் ஒருத்தன் கொண்டுவந்து ஒரு பின்னேரம் பறக்க விட்டவன். அம்மம்மா சத்தத்தைக் கேட்டு வெளியிலை வந்து மேலை பாத்தவ, "வண்டு" எண்டு ஒரு சொல்லு, பிறகு உள்ளுக்கை போய்க் கதவைச் சாத்திப்போட்டா. வன்னியிலை இருந்த ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவைக்கு: யுத்த நேரம் மேலை சுத்திக்கொண்டு நிண்ட வேவு விமானத்துக்கு நாங்கள் வைச்ச பேர் அது. அதுக்குப் பிறகு வீட்டுப் பக்கம் பறக்க விடேல்லை, குளத்துப் பக்கம் மட்டும்.

தொழில் விசயம் என்னெண்டால், கமராவே அசையேக்கை எல்லாப் புள்ளியும் அசையும். வயல், வரம்பு, மாடு எல்லாத்துக்கும் அம்பு. இதுக்கு ஒரு கெட்டித்தனமான வழி 2006 இலை வந்தது. அம்பைப் பாக்காதை, பக்கத்து அம்புக்கும் இந்த அம்புக்கும் என்ன வித்தியாசம் எண்டு பார். கமரா போறதாலை வந்த அம்பு எல்லா இடத்திலையும் ஏறத்தாழ ஒண்டு, வித்தியாசம் எடுத்தால் அழிஞ்சு போகும். மாட்டின்ரை விளிம்பிலை மட்டும் வித்தியாசம் மிஞ்சும். பஸ்ஸிலை யன்னலாலை பாக்கிறம், மரமெல்லாம் ஓடுது, ஆனால் பக்கத்து ரோட்டிலை சைக்கிள் ஓடுறவனை எங்களுக்குத் தனியாத் தெரியுதுதானே. அதுதான். 2013 இலை டென்ஸ் ட்ரஜெக்டரிக்காரரே இன்னொரு படி போய், முதல்லை கமரா எப்பிடி நகர்ந்தது எண்டு கண்டுபிடிச்சு அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் பாத்தினம்.

மாடு எண்ணுறதுக்கு நல்லா வேலை செய்யுது. ஆனால் கமரா கப்பிலை இருந்தால் இது தேவையேயில்லை, நான் ட்ரோனைத் திருப்பிக் குடுத்திட்டன்.

12.01.2025

"வீடியோ பைலுக்குள்ளையே அம்புக்குறி இருக்காம், பிறகேன் கணக்குப் போட்டு றாஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டரைச் சூடாக்கிறாய்?" ஓம், இருக்கு. எச் 264 எண்ட சுருக்கிற முறை வீடியோவைச் சுருக்கேக்கையே 16க்கு 16 பிக்சல் கட்டங்களாப் பிரிச்சு "இந்தக் கட்டம் முந்தின பிரேமிலை அங்கை இருந்தது" எண்டு எழுதி வைக்கும், எஃப்எஃப்எம்பெக் எண்ட இலவச மென்பொருள் அதை வெளியிலை எடுத்துத் தரும். சும்மா கிடைக்கிறது, நானும் ஆசைப்பட்டன். ஆனால் அதுக்கு உண்மையா எங்கையிருந்து வந்தது எண்டதிலை அக்கறை இல்லை, இடத்தை மிச்சம் பிடிக்கிறதிலைதான் அக்கறை. அதே பச்சை நெல்லு எங்கை இருந்தாலும் அதுக்கு ஒண்டுதான், வாய்க்காலுக்கு அங்காலை இருக்கிற நெல்லைக் காட்டி "இஞ்சையிருந்துதான் வந்தது" எண்டு எழுதும். இரவிலை முதல் சல்லடையா மட்டும் வைச்சிருக்கிறன். சல்லடையிலை மிஞ்சினதுக்குத்தான் பெரிய கணக்கு.

19.01.2025

கூத்து.

பக்கத்தூரிலை கூத்துப் பழக்கிற அண்ணாவியார் வீட்டை போனனான், கோவலன் கூத்துக்குப் பழகுற பெடியளை வீடியோ எடுக்க. என்ரை யோசனை, ஆட்ட அடவுகளைத் தானா இனம் பிரிக்கலாமோ எண்டு. எலும்புக்கூட்டுக் கோடு கீறுற மொடல் இருக்கு, ஓப்பன் போஸ் மாதிரி, 2017 இலை வந்தது, தலை, தோள், முழங்கை, முழங்கால் எண்டு புள்ளி போட்டுத் தரும், யோகான்சன் பூட்டின பல்பை இப்ப மெசின் பூட்டுது. ஒரே அடவை ஒருத்தன் மெதுவா ஆடினாலும் மற்றவன் கெதியா ஆடினாலும் நேரத்தை இழுத்துச் சுருக்கிப் பொருத்திப் பாக்க ஒரு வழி இருக்கு, பேச்சை அடையாளம் காண 1978 இலை ரெண்டு யப்பான்காரர் எழுதினது நல்ல பேர் எடுத்தது. அதைப் போட்டால் மெதுவான ஆட்டமும் கெதியான ஆட்டமும் ஒண்டெண்டு வந்தது. எனக்குப் புளுகம்.

அண்ணாவியார் பாத்துப்போட்டு, "தம்பி, இது ரெண்டும் ஒண்டில்லை" எண்டார். மெதுவா ஆடேக்கை குதி ஊண்டி எழும்பும், கெதியா ஆடேக்கை குதி நிலத்திலை படாது, காலமில்லை. கால் வேறை, சொல்லும் வேறை. அவர் ஆட்டத்தைச் சொல்லித்தாறது கோணத்தாலை இல்லை, வாயாலை தாளக்கட்டுச் சொல்லி, "இதுக்கு இப்பிடிக் கால்" எண்டு. நான் நேரத்தை இழுத்துச் சரிப்பண்ணேக்கை அவர் சொல்லிக்குடுக்கிறதையே அழிச்சுப்போட்டன். நடையும் ஓட்டமும் இப்பிடித்தானே, நேரத்தை இழுத்துப் பொருத்தினால் ரெண்டும் ஒண்டாப்போகும், 6 செயலிலை மூண்டு போச்சுது.

செக்கனுக்கு 25 பிரேம் போதாது எண்டதும் அண்டைக்கு விளங்கினது. கெதி ஆட்டத்திலை சலங்கைக் கால் வெறும் புகை.

அவர் வீட்டிலை கச்சான் அவிச்சுத் தந்தவை. வீடியோவை விட அதுதான் ஞாபகம்.

02.02.2025

என்ரை பெரிய மடத்தனத்தையும் எழுதிவிடுறன், வேறை ஆரும் விழாமல்.

டீப் லேர்னிங்குக்கு வந்தன். 2014 இலை சிமொன்யன், சிசெர்மன் எண்டவை ரெண்டு கண் வைச்ச மாதிரி ஒண்டு செய்தவை. ஒரு நியூரல் வலை (படிக்கிற மொடல்) ஒற்றைப் படத்தைப் பாக்கும், மற்றது அம்புக்குறிப் படங்களை மட்டும் 10 பிரேமுக்கு அடுக்கிப் பாக்கும், கடைசியிலை ரெண்டு பேரும் கலந்து முடிவெடுப்பினம். நான் அதைப்போல சின்னனாக் கட்டி எங்கடை கிளிப்புகளிலை பழக்கினன். ஆனை, ஆனை இல்லை. திறமான புள்ளி. வீட்டிலை எல்லாருக்கும் காட்டினன்.

பிறகு ஒரு நாள் ஆனை இல்லாத வெறும் வயல் கிளிப்புக்கு "ஆனை" எண்டுது. திரும்பவும் "ஆனை". கிளறிப் பாத்தால், என்னட்டை இருந்த ஆனைக் கிளிப் முழுக்க அமாவாசைக்குக் கிட்டின நாளுகளிலை எடுத்தது, "ஆனை இல்லை" கிளிப் முழுக்க நான் சும்மா நிலாக் காலத்திலை எடுத்தது. ஒற்றைப் படம் பாக்கிற கண் ஆனையைப் படிக்கவேயில்லை, இருட்டைப் படிச்சிருக்கு. இருட்டு எண்டால் ஆனை. சின்னப் பிள்ளையளும் அப்பிடித்தான் எண்டு தங்கச்சி சொன்னவ.

பெரிய தொகுப்புகளிலையும் இதே நோய் இருக்கு. நீந்துறதை நீச்சல் தடாகத்தின்ரை நீலத்தைப் பாத்துச் சொல்லும், ஆளை அழிச்சுப்போட்டாலும் சொல்லும். இதுக்காகத்தான் 2017 இலை வேறை மாதிரி ஒரு தொகுப்பு வந்தது, 174 வகை, எல்லாம் "ஏதோ ஒண்டை ஏதோ ஒண்டுக்குள்ளை போடுறது", "ஏதோ ஒண்டை இடமிருந்து வலம் தள்ளுறது" எண்டு. பொருளைப் பாத்துக் கள்ளம் அடிக்கேலாது. இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ எண்டு ஒற்றைப் படத்திலை தெரியாதே, வரிசையைப் பாத்தாத்தான் தெரியும்.

உங்கடை மொடலுக்கு ஒரு சோதனை சொல்லுறன், காசு செலவில்லை. கிளிப்பின்ரை பிரேமுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சுப்போட்டுக் குடுங்கோ. அப்பவும் அதே பதிலைச் சொன்னால் அது அசைவைப் பாக்கேல்லை. என்ரை ஆள் கலைச்ச பிறகும் கம்பீரமா "ஆனை" எண்டுது.

03.02.2025

"அப்ப ஒற்றைப் படக் கண்ணை எறிஞ்சுவிடு" எண்டு சொல்லியிருக்கு. எறிஞ்சன். இப்ப அம்புக்குறி மட்டும். கிளிப் 8 செக்கன், எல்லா பிரேமும் இல்லை, செக்கனுக்கு 4 எடுத்தாக் காணும், ஆனைக்கு அவசரமில்லை. குரங்குக்கு இது சரிவராது. குரங்கைப் பற்றி எழுதமாட்டன் எண்டு ஏற்கெனவே சொல்லிட்டன்.

16.02.2025

வெட்டு முடிஞ்சுது. இந்தப் போகத்துக் கணக்கு: ஆனை மூண்டு இரவு வந்தது, ரெண்டுக்கு அலாம் நேரத்துக்கு அடிச்சது, மூண்டாவதுக்குச் சித்தப்பா முதலே எழும்பி வெடியோடை நிண்டார், அலாம் பிறகு வந்தது. ஏன் எழும்பினனீங்கள் எண்டு கேட்டன். தவளை சத்தம் நிண்டிட்டுதாம். அதுக்குக் கமராவிலை மைக் வேணும்.

பொய் அலாம் இன்னும் இருக்கு. கூடக் குழப்பிறது மாட்டு வண்டில்தான், ஆனை மாதிரியே மெதுவா, நேரா, ஆடி ஆடி வருது.

சித்தப்பாவின்ரை நடையை 40 கிளிப் எடுத்துத் தொகுப்பிலை சேத்திருக்கிறன். பக்கத்து ஒழுங்கையிலை இன்னும் மூண்டு பேர் சம்மதிச்சவை, ஒரு அக்கா ரெண்டு ஊண்டுகோலோடை. லேபல் என்ன போடுறது எண்டு கேட்டன், தனி வகை வைக்கிறதோ எண்டு. "நடை எண்டு போடன், வேறை என்ன" எண்டார். நடை எண்டுதான் போட்டிருக்கிறன்.

16.02.2025, இரவு 10.05

போன் அடிக்குது. ஆனையாம். வெட்டின வயலிலை என்ன ஆனை எண்டு பாத்தால் சிலந்தி, புது வலை. தும்புத்தடியோடை போட்டு வாறன்.